என் சாட்சிக்காக மகளைத் தனியாக விட்டேன்

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் மகள் பியூலா பெல்ஜியம் நாட்டிலிருந்து போன் பண்ணி அழுதாள். நான் அவளைத் திட்டிவிட்டுப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு ஐந்து நாள் அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. கோபத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை மணியே அடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் 'சாப்பிட்டியா' என்று அனுப்பினேன். ஒற்றை டிக். 'அம்மா மேல கோவமா' என்று அனுப்பினேன். அதுவும் ஒற்றை டிக். 'ஒரு வார்த்தை பேசு மக்ளே' என்று அனுப்பினேன். போன் அணைந்து கிடக்கிறது என்று தெரிந்தும் அனுப்பிக்கொண்டே இருந்தேன். புதன்கிழமை அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் குக்கர் அடிப்பிடித்துப் புகை வந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

முழங்கால் போட்டேன். வார்த்தை வரவில்லை. எத்தனையோ வீட்டில் போய் அடுத்தவர்களுக்காக மணிக்கணக்கில் ஜெபித்தவள் நான். என் பிள்ளைக்காக ஜெபியுங்கள் என்று யாரிடமும் போய்க் கேட்க எனக்கு வாயில்லை. ஏனென்றால் ஊர் முழுக்க நான் சொல்லி வைத்திருந்தது வேறு கதை.

கர்த்தரை நம்புகிற சகோதரிகளே, சகோதரர்களே, ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லுகிற சாட்சியை எல்லாரும் சந்தோஷமாகத்தான் எழுதுவார்கள். இதை நான் வெட்கத்தோடு எழுதுகிறேன். இதற்கு முன் நான் பல சபைகளில் சாட்சி சொல்லியிருக்கிறேன். அதில் ஆண்டவர் செய்தது கொஞ்சம், என் வாய் செய்தது மிச்சம். இதில் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் இல்லை. அதனால் இதை நீங்கள் நம்பலாம்.

நாங்கள் தூத்துக்குடியில் மில்லர்புரத்தில் குடியிருக்கிறோம். எனக்குப் பிறந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். பத்தாவது வரைதான் படிப்பு. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கைக் கூடவே நின்று எண்ணிக் குறிக்கிற வேலை. எங்களுக்கு ஒரே மகள். அவள் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, ஒரு செமஸ்டர் மட்டும் வெளிநாட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வர இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். செலவெல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். கூடப் போக வேண்டிய பெண் கடைசி நேரத்தில் போகவில்லை. என் மகள் மட்டும் தனியாகப் போனாள்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் உபவாச ஜெபம் உண்டு. காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடியும். எங்கள் போதகரான ஐயருடைய மனைவிதான் நடத்துவார்கள், ஐயரம்மா என்போம். அவர்களிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். நம் விண்ணப்பத்தைச் சொன்னால் அதில் எழுதிக்கொள்வார்கள். எல்லாரும் வாராவாரம் அதற்காக ஜெபிப்போம். கேட்டது கிடைத்துவிட்டால் ஐயரம்மா அதன் எதிரே சிவப்பு மையில் ஒரு சரிக்குறி போடுவார்கள். கேட்டவள் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். சரிக்குறி விழுந்த விண்ணப்பத்தை மறுபடி யாரும் கொண்டுவருவதில்லை. அப்படி யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் கொண்டுவருவதில்லை. ஆண்டவர் செய்து முடித்ததைக் குறை சொன்னது போல ஆகிவிடும் என்று ஒரு பயம்.

பியூலாவுக்கு விசா வந்த வாரம் சரிக்குறி விழுந்தது. நான் எழுந்து நின்றேன். நன்றாகச் சொன்னேன். கேட்டவர்கள் அழுதார்கள். ஐயரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த ருசி எனக்குப் பிடித்துப்போயிற்று. உள்ளதைச் சொல்லுகிறேன், பிடித்துப்போயிற்று.

அடுத்த மாதம் புதுக்கோட்டையில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பிறகு நாசரேத் பக்கம் கூப்பிட்டார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். ஒவ்வோரிடத்திலும் கதை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலேயே ஒரு நாள் மறுபடி சொல்லச் சொன்னார்கள். அன்றைக்கு என் வாயில் இப்படி வந்தது: "நம்ம ஆண்டவர் பிள்ளைகளைக் கப்பலில் தட்டு கழுவ அனுப்புகிறவர் இல்லை. மேல்நாட்டுக் கல்லூரியில் உட்காரவைத்துப் படிப்பிக்கிறவர்."

சிலர் சிரித்தார்கள். இரண்டு பாய் தள்ளி லில்லி அக்கா உட்கார்ந்திருந்தார்கள்.

லில்லி அக்கா திரேஸ்புரத்தில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே போய்விட்டார். இறால் உரிக்கிற கம்பெனியில் குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்து வைத்து விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அப்படி உழைத்து ஒரே மகன் டேனியைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தார்கள். அவன் கப்பலில் சமையல்கட்டில் தட்டு கழுவுகிற வேலைக்குத்தான் முதலில் போனான். அது எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும். நான் சொன்னது யாரை என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது. லில்லி அக்கா தலையைக் குனிந்துகொண்டு முந்தானையைச் சரிசெய்தார்கள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் மேலே பேசினேன்.

பியூலா போய்ச் சேர்ந்த ஊரின் பெயர் இன்றைக்கும் என் வாயில் சரியாக வராது. அதுவும் நம் ஊரைப் போலத் துறைமுகம் உள்ள ஊர்தான். முதல் மாதம் நன்றாக இருந்தாள். பாலம், சர்ச், சைக்கிள் என்று படம் படமாக அனுப்பினாள். நான் எல்லாவற்றையும் சபை குரூப்பில் போட்டேன். அக்டோபரில் அவள் பேச்சு மாறியது.

"அம்மா, இங்கன வெயிலே இல்லம்மா. எப்பப் பாத்தாலும் மழ. பகல்லயே லைட்டப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

"மழதானளா? நம்ம ஊர்ல மழைக்கு ஏங்கிச் சாகுதோம்."

"யாரும் எங்கூடப் பேசமாட்டேங்காங்க. நாலு பேரச் சேத்து ஒரு வேல குடுத்தாங்க. அவங்க அவங்க பாஷையிலயே பேசிக்கிடுதாங்க. நான் பொம்ம மாதிரி உக்காந்துட்டு எந்திரிச்சு வாரேன்."

"நீயும் ரெண்டு வார்த்த படிச்சிக்க. ஒழுங்கா சாப்பிடு. காலையில ஜெபம் பண்ணு."

அந்த ஊர் மழை நிற்கவேண்டும் என்று அன்றைக்கு நானும் ஜெபித்தேன். தினமும் ஜெபித்தேன். மழை நிற்கவில்லை. ஆண்டவர் இந்தச் சின்ன விஷயத்தைக்கூடக் கேட்கமாட்டேன் என்கிறாரே என்று எனக்குக் குறையாக இருந்தது.

முதல் பரீட்சையில் அவள் தேறவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். அதே வாரம் எங்கள் கூட்டத்தில் ஜெயா என்கிற தங்கச்சி, "என்னக்கா, பியூலா எப்படிப் படிக்கா?" என்று கேட்டாள். "கிளாசுலயே அவதான் முதல்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. வாய் திறந்ததும் அதுதான் வந்தது. ஜெயா அதைக் குரூப்பில் போட்டாள். எல்லாரும் ஆமென் போட்டார்கள். படம் கேட்டார்கள். நான் என் மகளுக்குப் போன் பண்ணி, "சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ அனுப்புளா" என்றேன். அனுப்பினாள். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. தலைகூட வாரவில்லை. அன்றைக்கு எனக்குப் பல் தெரிந்தது போதுமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அவரே ஒரு நாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நின்றபடி சொன்னார்.

"ஏளா, பிள்ள கொரலு சரியில்ல. வரச் சொல்லிருவோமா?"

"வரச் சொல்லிட்டு? சபையில என்ன சொல்ல? ஆண்டவர் அனுப்புனாரு, அவ பாதியில ஓடி வந்துட்டான்னா?"

"அனுப்புனவருக்குக் கூட்டிட்டு வரத் தெரியாதா?"

"ஒங்களுக்கு விசுவாசம் பத்தாது" என்றேன். அவர் வேலைக்குப் போய்விட்டார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. போன் வந்தது.

"அம்மா, நான் வந்துரட்டுமா?"

"இன்னும் ரெண்டு மாசந்தானளா."

"முடியலம்மா. கட்டில்ல இருந்து எந்திரிக்கவே முடியல. கிளாசுக்குப் போயி பத்து நாளாச்சு."

பத்து நாள் என்றதும் எனக்கு ஆத்திரம் வந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது இது: "ஏளா, நான் எத்தன சபையில நின்னு சொல்லியிருக்கேன் தெரியுமா? நீ இப்ப வந்து நின்னா என் சாட்சி என்னாகும்? எந்த மூஞ்சிய வச்சிட்டு நான் வெளிய போவேன்?"

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் செத்துப்போனா, அதையும் எந்திரிச்சு நின்னு சொல்லுவியாம்மா?"

"பிசாசு பேசுத பேச்செல்லாம் பேசாத" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.



புதன்கிழமை என் வீட்டுக்காரர் கல்லூரிப் பேராசிரியருக்குப் போன் பண்ணினார். அவர் உடனே அங்கே மெயில் அனுப்பினார். அங்கே ஒரு வாரம் விடுமுறை, திங்கட்கிழமைதான் அலுவலகம் திறக்கும் என்று தானாக ஒரு பதில் வந்ததாம். பியூலா இருந்த விடுதியில் மற்றப் பிள்ளைகளெல்லாம் விடுமுறைக்கு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றும் தெரிந்தது. அந்த மாடியில் என் மகள் ஒருத்திதான்.

வியாழக்கிழமை கடையில் ஜெயாவைப் பார்த்தேன். "பியூலா சௌக்கியமாக்கா?" என்றாள். "பரீட்ச நேரம், பேசவே நேரமில்லங்கா" என்றேன். அப்போதும்! பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாத நாளில் நான் அப்படிச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "யார்ட்டயாவது சொல்லுளா. ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ணுதவ நீ. ஒனக்கு ஜெபம் பண்ண ஒருத்தர்கூடவா இல்ல?" என்று கேட்டுவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கூட்டத்துக்குப் போனேன். பாயில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்தது. ஐயரம்மா நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "சாட்சி உள்ளவங்க மொதல்ல சொல்லுங்க. பியூலா அம்மா, ஒங்க பிள்ள சமாச்சாரம் கேட்டு ரெண்டு வாரமாச்சே" என்றார்கள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சத்தியமாகச் சொல்லுகிறேன், நல்லா இருக்கா என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். எழுந்து நின்றதும், 'அதையும் எந்திரிச்சு நின்னு சொல்லுவியாம்மா' என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயரம்மா, எம் பிள்ள பேருக்கு நேர போட்ட சரிக்குறிய அடிச்சிருங்க. மறுபடி எழுதுங்க" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒழுங்காகச் சொல்லவில்லை. முன்னும் பின்னுமாகச் சொன்னேன். ஐந்து நாளாகப் பேச்சில்லை என்று சொன்னேன். கடைசியாக அவள் என்ன கேட்டாள் என்பதையும் சொன்னேன்.

"அப்ப கிளாசுல முதல்னு சொன்னியளேக்கா?" என்று ஜெயா கேட்டாள்.

"பொய் சொன்னேன்."

"அந்த போட்டோ?"

"நாந்தான் சிரிச்சு எடுக்கச் சொன்னேன்."

பின்னாலிருந்து ஒரு குரல், "எம்மா, என்னா நடிப்பு!" என்றது. சொன்னது சரிதான். எனக்குக் கோபம் வரவில்லை.

லில்லி அக்காவைப் பேசியதையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர்கள் பக்கம் திரும்பினேன். அதற்குள் அவர்கள் எழுந்து, என்னைப் பார்க்காமல் வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டார்கள். எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஐயரம்மா என் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு நோட்டில் எழுதினார்கள். எல்லாரும் முழங்கால் போட்டார்கள். எனக்கு ஜெபமாக வந்தது ஒரே வார்த்தைதான். "கதவத் தெறயும் ஆண்டவரே, கதவத் தெறயும்." அவள் அறைக் கதவு பூட்டிக் கிடப்பதுதான் என் கண் முன்னால் நின்றது.

பத்து நிமிஷம் இருக்கும். யாரோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். லில்லி அக்கா.

"ஏளா, பிள்ள தங்கியிருக்க அட்ரஸ் போன்ல வச்சிருக்கியா? என் போனுக்கு அனுப்பு."

"எதுக்குக்கா?"

"டேனி கப்பல் அந்த ஊர்லதான் நிக்கு. இப்பந்தான் பேசினேன். அங்க இன்னும் விடியல. காலையில வேலைய முடிச்சிட்டு ஓடுதேன்னு சொல்லுதான். அழுதுட்டு இருக்காத, சீக்கிரம் அனுப்பு."

என் கைக்கு எழுத்து அகப்படவில்லை. ஜெயாதான் என் போனை வாங்கி அனுப்பினாள்.

ஒரு மணிக்குக் கூட்டம் முடிய வேண்டும். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமும் ஆனது. பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு அப்படியே இருந்தார்கள். "நடிப்பு" என்று சொன்ன அக்காவும் இருந்தார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்திலிருந்து வந்து வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் லில்லி அக்கா போன் அடித்தது. அவர்கள் காதில் வைத்து, "சொல்லுலே" என்றார்கள். கேட்டார்கள். முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போனை என்னிடம் நீட்டினார்கள்.

"அத்த, பயப்படாதிய" என்றான் டேனி. "பிள்ள இருக்கா. காய்ச்சல் கொதிக்கி. ரெண்டு வாய் ரசஞ்சோறு சாப்பிட்டிருக்கா. இந்தக் கட்டடத்தப் பாத்துக்கிடுத அம்மா காரு எடுக்கப் போயிருக்காங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். இந்தாங்க, பேசுங்க."

"அம்மா" என்றாள். அவ்வளவுதான் சத்தம்.

"வந்துருளா" என்றேன். "நாளைக்கே வந்துரு. படிப்பு வேண்டாம். ஒன்னும் வேண்டாம். நீ வந்துரு."

"நெசமாவாம்மா?"

என் வீட்டுக்காரர் போனை வாங்கிக்கொண்டார்.

நடந்தது இதுதான். டேனி இப்போது அந்தக் கப்பலில் இரண்டாம் சமையல்காரன். காலைச் சமையலை முடித்துவிட்டு, ஒரு பிளாஸ்கில் சூடாக ரசமும் டப்பாவில் சோறும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போயிருக்கிறான். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேலே போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அந்த அம்மா இங்கிலீஷில் கூப்பிட்டும் பதிலில்லை. இவன் கதவில் வாயை வைத்து, "ஏ பியூலா, நான் லில்லி மவன் டேனிளா. கதவத் தெற, ரசம் ஆறுது" என்று கத்தியிருக்கிறான். அந்த அம்மா சாவியைத் தேடி எடுக்கக் கீழே போவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விலகியிருக்கிறது. கனவு என்று நினைத்துத்தான் எழுந்து வந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசும்போதே அவளுக்குக் காய்ச்சல். மறுநாளிலிருந்து எழ முடியவில்லை. போன் சார்ஜ் இறங்கி அணைந்ததும் அவளுக்கு நினைவில்லை.

நெஞ்சில் சளி கட்டிக் கிருமி பரவிவிட்டது, இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று அங்குள்ள டாக்டர் சொன்னார். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மனதுக்கும் அவளுக்குச் சுகமில்லாமல் இருந்திருக்கிறது. அதையும் அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். பெற்ற நான் கண்டுபிடிக்கவில்லை.

டேனி போனில் இன்னொன்றும் சொன்னான். அவர்கள் கப்பல் சோயாப் புண்ணாக்கு கொண்டுபோயிருந்தது. புதன்கிழமையே இறக்கி முடித்துக் கிளம்பியிருக்க வேண்டுமாம். "எங்க கெளம்ப அத்த, நாலு நாளா மழ விடல, கப்பல் மூடியத் தெறக்கவே இல்ல" என்றான். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார். மழை பெய்தால் சரக்கு நனைந்துவிடும் என்று கப்பலின் மேல்மூடியைச் சாத்திவிடுவார்கள், இங்கேயும் அப்படித்தான், அது அவருடைய தினசரி வேலை. நான் நிற்கச் சொல்லிக் கேட்ட மழை அது. நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்திருந்தால் வெள்ளிக்கிழமை அந்தக் கப்பல் நடுக்கடலில் இருந்திருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை லில்லி அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். காலில் விழப் போனேன். "ஏய், கையெல்லாம் செதிலு, எட்டிப் போ" என்றார்கள். நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொன்ன அன்னைக்கு அழுதேன்ளா. இல்லன்னு சொல்லமாட்டேன். அவன்ட்ட சொன்னா அவன் சிரிக்கான். 'தட்டு கழுவினேன்ங்கது நெசந்தானம்மா'ங்கான்." அடுத்த மீனை எடுத்துக்கொண்டு சொன்னார்கள். "திங்கக்கிழமையே கேட்டான். 'பியூலா படிக்க ஊருக்குத்தான் வந்திருக்கோம், போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வரட்டுமா'ன்னு. நாந்தான் போவாதலேன்னு சொன்னேன். காலேஜு பிள்ளையப் பாக்க நீ போய் நின்னா அவங்களுக்குக் கொறச்சலா இருக்கும்னு சொன்னேன்."

திங்கட்கிழமை. நான் அவ்விடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வாய் திங்கட்கிழமை வரவேண்டிய உதவியை வெள்ளிக்கிழமை வரை தள்ளிவைத்திருக்கிறது.

"நேத்தும் வெளிய வந்து செருப்ப மாட்டிட்டேன் பாத்துக்க. போயிரலாம்னுதான் நெனச்சேன். ரெண்டு அடி வச்சேன். பிள்ள ஒத்தையில கெடக்காளேன்னு ஒரு எண்ணம் வந்திச்சு. என் எண்ணம் இல்லளா அது. என் எண்ணம்னா நான் வீட்டுக்குல்லா போயிருப்பேன்" என்றார்கள். பிறகு தலையை நிமிர்த்தி, "சாள மீன் நாலு கொண்டு போறியா?" என்றார்கள்.

டிசம்பரில் பியூலா வந்துவிட்டாள். அந்த செமஸ்டர் வீணாகிவிட்டது. விட்ட பாடத்தையெல்லாம் இப்போது இங்கே எழுதுகிறாள். டாக்டரிடமும் காட்டுகிறோம், ஜெபமும் பண்ணுகிறோம். சில நாள் நன்றாகச் சிரிக்கிறாள். சில நாள் பேசாமல் படுத்திருக்கிறாள். பேசாத நாளில் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். புத்தி சொல்வதில்லை. இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதும்மா. ஆனா திரும்பவும் கிளாசுல முதல்னு எழுதிராத" என்றாள்.

முன்னால் சாட்சி சொன்ன இடங்களுக்கெல்லாம் போய், நான் கூட்டிச் சொன்னதைக் குறைத்துச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு சபையில் பாதியிலேயே உட்காரச் சொன்னார்கள். இப்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறவர்கள் உண்டு. வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் முழங்கால் போட்டால் இப்போது வார்த்தை வருகிறது. அதற்காக ஆண்டவருக்கு ஆயிரம் நன்றி. என் பிள்ளையை உயிரோடு கொடுத்ததற்கு நன்றி. நான் அவமானப்படுத்தின கையாலேயே அவளுக்குச் சோறு கொடுத்ததற்கு நன்றி.

இதை வாசிக்கிற தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களில் யாராவது என்னைப் போல, நல்லா இருக்கோம் என்று சொல்லிவிட்டு அதைக் காப்பாற்றிக்கொண்டு திரிகிறீர்களா? ஆண்டவருடைய பேரை நாம் பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டியதில்லை. அவரிடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கிற ஒருவரிடமும் சொல்லுங்கள். அவர் யாரை எழுப்பி அனுப்புவார் என்று உங்களுக்குத் தெரியாது; எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. நம்பிச் சொல்லுங்கள். தூரத்தில் படிக்கிற பிள்ளை 'வந்துரட்டுமா' என்று கேட்டால் அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நாளைக்குப் பார்ப்போம் என்று வைக்காதீர்கள். நான் ஐந்து நாள் வைத்தேன். அந்த ஐந்து நாளும் என் பிள்ளை ஒரு போத்தல் தண்ணீரும் நான்கு பிஸ்கட்டுமாக, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.